சொல்லுக்கு முன்னே நீளும் விரல்

குழந்தைக்கு ஒரு வயது நிறைந்ததும் வீட்டுக்கு வரும் உறவினர் கேட்கும் முதல் கேள்வி, "பேச ஆரம்பிச்சிட்டானா?" என்பதுதான். "விரலை நீட்டி எதையாவது காட்டுகிறானா?" என்று யாரும் கேட்பதில்லை. தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, பாளையங்கோட்டையில் மகன் வீட்டில் பேத்தியையும் பேரனையும் வளர்க்கத் துணை நின்றவள் நான். அந்த இரண்டாவது கேள்விதான் முதலில் கேட்கப்பட வேண்டியது என்று இப்போது உறுதியாக எண்ணுகிறேன். பேத்தி பேச்சில் முந்திக்கொண்டாள். ஆகவே அவள் கைகள் என்ன செய்தன என்று கவனிக்கும் தேவை எங்களுக்கு எழவில்லை. பேரன் பிந்தினான். அவனால்தான் எங்கள் வீட்டார் அனைவரும் ஒரு குழந்தையின் கைகளைப் பார்க்கப் பழகினோம்.

பொதுவாக ஒன்பது, பத்து மாதங்களில் குழந்தை தன் கையில் இருப்பதை உயர்த்திக் காட்டும். பிறகு அதை நம் கையில் கொடுக்கும். வேண்டியதை நோக்கிக் கையை விரித்து எட்டும். பதினொன்று, பன்னிரண்டு மாத அளவில் மற்ற விரல்கள் மடங்கி, ஆள்காட்டி விரல் மட்டும் தனியாக நீளத் தொடங்குகிறது. பிள்ளைத்தமிழ் இலக்கணம் கைகொட்டி ஆடும் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்துக்கு உரியதாக வைத்திருப்பதைப் படிக்கும் காலத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். பிள்ளை வளர்த்தவர்களின் கூர்மையான கவனிப்பு அதற்குள் இருக்கிறது என்பது, பேரன் என் மடியில் உட்கார்ந்து உரிய மாதத்தில் கைகொட்டியபோதுதான் எனக்கு உறைத்தது.

நீளும் அந்த விரலுக்கு இரண்டு வேலைகள் உண்டு. பிஸ்கட் டப்பாவைச் சுட்டி, எடுத்துக் கொடு என்று கேட்பது ஒன்று. மதில்மேல் நடக்கும் பூனையைச் சுட்டிவிட்டு நம் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது மற்றொன்று. இரண்டாவதில் குழந்தைக்குப் பூனை வேண்டியதில்லை. தான் பார்த்ததை நாமும் பார்க்க வேண்டும், அவ்வளவே. எலிசபெத் பேட்ஸ், லூயிஜியா கமயோனி, விர்ஜீனியா வோல்தெரா ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் இத்தாலியக் குழந்தைகளைக் கவனித்து 1975இல் இந்த இரண்டையும் பிரித்து எழுதினார்கள். 2004இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் உல்ஃப் லிஸ்கோவ்ஸ்கியும் மைக்கேல் தோமசெல்லோவும் அவர்களுடைய குழுவினரும் பன்னிரண்டு மாதக் குழந்தைகளைச் சோதித்தார்கள். குழந்தை சுட்டியபோது பெரியவர் அதன் முகத்தை மட்டும் பார்த்துக் கொஞ்சினாலும், பொருளை மட்டும் பார்த்தாலும் குழந்தை நிறைவடையவில்லை. பொருளையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்து மகிழ்ச்சியோடு பேசிய பெரியவரிடமே அது அடுத்தடுத்தும் விரல் நீட்டியது. உரையாடல் என்பதன் அடிப்படை அங்கேயே அமைந்துவிடுகிறது. அதில் வாய்ச்சொல் வந்து சேருவது பிறகு நடக்கும் காரியம்.

பேரனுக்குப் பதினைந்து மாதம் ஆனபோது அவன் வாயில் தெளிவாக வந்தவை "அம்மா", "தா" என்ற இரண்டும்தான். கைகளோ ஓயாமல் பேசின. சாமி படத்தைக் கண்டால் கும்பிடுவான். தாத்தா சட்டை மாட்டினால் டாட்டா காட்டுவான். பால் தீர்ந்துபோனால் உள்ளங்கைகள் இரண்டையும் விரித்துக் காட்டுவான். ஆவி பறக்கும் தம்ளரைப் பார்த்தால் உதட்டைக் குவித்து ஊதுவான். நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி உயிரோடு இருந்த காலம் அது. கோயிலுக்குப் போய் வந்த சில நாள்களில், வலக்கையை மூக்கருகே வைத்துத் தும்பிக்கைபோல ஆட்டுவதைத் தானாகவே பழகிக்கொண்டான். முதலில் யானையைக் கண்டபோது மட்டும் செய்தான். பிறகு படப் புத்தகத்து யானைக்கும் செய்தான். அதற்கும் பிறகு, டவுனுக்குப் போகும் ஆட்டோவில் நாங்கள் ஏறி உட்கார்ந்ததுமே அந்தக் கை மூக்குக்குப் போய்விடும். கண்முன் இல்லாத ஒன்றைப் பற்றி அவன் பேசத் தொடங்கியிருந்தான். வாயால் "ஆனை" என்று அவன் சொன்னது இதற்குப் பல வாரங்கள் கழித்துத்தான்.

வந்தவர்கள் எல்லோரும் ஒவ்வொரு வைத்தியம் சொன்னார்கள். வசம்பை உரைத்து நாக்கில் தடவச் சொன்னவர் உண்டு. தேன் தடவச் சொன்னவரும் உண்டு. (ஒரு வயதுக்குள் குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதிலிருக்கக்கூடிய நுண்கிருமியின் வித்துகள் பச்சிளங்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கலாம் என்பதைப் பாட்டிமார் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.) இவற்றைவிட என்னைக் கலங்கச் செய்த அறிவுரை வேறொன்று: "கையைக் காட்டினதும் எடுத்துக் கொடுத்திருதீங்க; அதனாலதான் அவன் வாயத் தொறக்க மாட்டேங்கான். வாயால கேட்டாத்தான் தருவேன்னு பிடிவாதமா இருங்க." கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்தை இன்றும் பல வீடுகளில் கேட்கிறேன். கைச்சாடை பேச்சுக்குப் பகை என்று அது கருதுகிறது. உண்மை அதற்கு நேர்மாறானது என்பதை எங்களுக்கு விளக்கியவர் ஒரு பேச்சுப் பயிற்சியாளர்.

2013இல் நடுவண் அரசு தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்னும் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தின்கீழ், குழந்தைகளின் வளர்ச்சித் தாமதங்களைப் பார்ப்பதற்கென்றே மாவட்ட அளவில் ஆரம்ப இடையீட்டுச் சேவை மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. அங்கன்வாடிக் குழந்தைகளைப் பார்க்க வரும் மருத்துவக் குழுவே அங்கு அனுப்பிவைக்கும். மருமகள் பேரனை அங்கு அழைத்துச் சென்றபோது நானும் உடன் போனேன். எத்தனை சொல் பேசுகிறான் என்பதை ஒரே கேள்வியில் முடித்துக்கொண்ட பயிற்சியாளர், அவன் எதையெல்லாம் காட்டுகிறான், காட்டிவிட்டு யாரைப் பார்க்கிறான், நாம் கவனிக்காவிட்டால் என்ன செய்கிறான் என்று நெடுநேரம் கேட்டார். பிறகு அவர் செய்த ஒன்று எனக்குப் புதிதாக இருந்தது. "பந்து எங்கே?" என்று மருமகள் கேட்டதும் அவன் ஓடிப்போய் எடுத்து வந்தான். "இப்போது கையை மடியில் வைத்துக்கொண்டு, பந்து இருக்கும் பக்கம் பார்க்காமல் கேளுங்கள் அம்மா" என்றார் பயிற்சியாளர். நாம் எதைச் சொன்னாலும் கையும் கண்ணும் தலையும் அந்தப் பக்கம் தாமாகவே திரும்பிவிடுகின்றன. குழந்தை சொல்லைப் புரிந்துகொண்டதா, நம் சாடையைப் படித்துக்கொண்டதா என்பது அதனால் நமக்குத் தெரியாமல் போகிறது. கைகட்டிய கேள்விக்கும் பேரன் பந்தை எடுத்து வந்தான். சொல் புரிகிறது, விரல் நீள்கிறது, முகம் பார்க்கிறான் என்ற மூன்றும் நல்ல அறிகுறிகள் என்றும், காது கேட்கும் திறனை மட்டும் கருவி வைத்துச் சோதித்துவிட வேண்டும் என்றும், சில மாதங்களில் மீண்டும் வரவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் செய்யச் சொன்னவை மிக எளியவை. ஆனால் அவற்றை நாள் முழுவதும் நினைவில் வைத்திருப்பதுதான் எளிதன்று. குழந்தை விரல் நீட்டிய அந்தக் கணத்தில், அது எதைக் காட்டுகிறதோ அதன் பெயரை நாம் சொல்ல வேண்டும். "என்னய்யா, காக்காயா? ஆமா, காக்கா! காக்கா பறந்து போயிட்டு" என்று இரண்டு மூன்று சிறு வாக்கியங்களில் அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வர வேண்டும். சூசன் கோல்டின்-மெடோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: குழந்தை சைகையால் சொன்னதைத் தாய் உடனே சொல்லாக மாற்றித் தந்தபோது, அந்தச் சொற்கள் பின்னர் குழந்தையின் பேச்சில் நுழையும் வாய்ப்பு மிகுந்திருந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. குழந்தையின் மனம் முழுவதும் அந்தக் காக்கையின்மேல் இருக்கும் நேரம் அது. வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பிடித்துத் திருப்பி, "இது என்ன, சொல்லு, ஆப்பிள் சொல்லு" என்று கேட்பதைவிட, அவன் பார்ப்பதன் பெயரைச் சொல்வதே பலன் தருகிறது. தோமசெல்லோவும் ஃபாரரும் 1986இலேயே இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுப் பேச்சில் ஒரு தடை இருந்தது. அநேகமாக எல்லாத் தமிழ் வீடுகளிலும் இருக்கும். "அத எடு", "இத அங்க வை", "அதுல போடாத" என்று நாள் முழுவதும் சுட்டுப் பெயர்களாலேயே குழந்தையோடு பேசிக்கொண்டிருந்தோம். பெரியவர்களுக்கு அது போதும். பொருளின் பெயருக்காகக் காத்திருக்கும் குழந்தைக்கு அதில் எதுவும் கிடைப்பதில்லை. ஒரு வாரம் வீட்டில் எல்லோரும் "அத" என்பதை விட்டுவிட்டு, கரண்டியைக் கரண்டி என்றும், கதவைக் கதவு என்றும் சொல்ல முயன்றோம். கையால் சுட்டுவதை நிறுத்தவில்லை. சுட்டும் கையோடு பெயரையும் சேர்த்துக்கொண்டோம், அவ்வளவுதான். மகனுக்குத்தான் இது கடைசிவரை கைவரவில்லை.

காத்திருப்பதும் ஒரு பழக்கம். குழந்தை விரலை நீட்டியதும் பாய்ந்து எடுத்துக் கொடுப்பதற்கும், வாய் திறந்தால்தான் தருவேன் என்று அழவிடுவதற்கும் இடையே ஒரு வழி இருக்கிறது. "தண்ணியா வேணும்? தண்ணி" என்று சொல்லிவிட்டு, மனத்துக்குள் ஐந்து எண்ணும் நேரம் அவன் முகத்தைப் பார்த்திருந்துவிட்டு, அவன் ஏதாவது ஒலி எழுப்பினாலும் எழுப்பாவிட்டாலும் மறுபடி ஒருமுறை "தண்ணி" என்று சொல்லிக்கொண்டே கொடுப்பது. கேட்டது கிடைக்காது என்று கண்ட குழந்தை விரல் நீட்டுவதையே விட்டுவிடலாம். பேச்சைத் தூண்ட வேண்டிய நாம் உரையாடலையே அதனிடமிருந்து பறித்துவிடுவோம். அந்த ஐந்து எண்ணும் இடைவெளியில்தான் எங்கள் பேரனின் முதல் "தண்ணி", "தன்" என்ற அரைச் சொல்லாக வந்தது.

அவன் சொற்கள் வந்த வரிசையை மருமகள் காலண்டர் தாளின் பின்புறத்தில் குறித்துவைத்தாள். ஏறக்குறைய எல்லாச் சொல்லும் முதலில் விரலால் காட்டப்பட்டு, சில வாரங்களோ மாதங்களோ கழித்தே வாயில் வந்திருந்தன. ஜானா ஐவர்சனும் கோல்டின்-மெடோவும் பத்துக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியிட்ட ஆய்வும் இதே வரிசையைத்தான் சொல்கிறது. அதே ஆய்வில் வேறொன்றும் உண்டு. குழந்தை இரண்டு சொற்களைச் சேர்ப்பதற்கு முன்பே, ஒரு சொல்லையும் ஒரு சைகையையும் சேர்த்து ஒரு கருத்தை அமைக்கிறது. அந்தச் சேர்க்கை எப்போது தொடங்குகிறதோ அதைக் கொண்டு இரு சொல் தொடர் எப்போது வரும் என்பதையும் ஊகிக்க முடிகிறது. வாசலில் கிடந்த செருப்பைச் சுட்டிக்கொண்டு பேரன் "அப்பா" என்றான். செருப்பை அப்பா என்று தவறாக அழைக்கிறான் என்று பக்கத்து வீட்டு அம்மாள் சிரித்தார். தவறே இல்லை. எழுவாயை விரலும் மற்றதை வாயும் பங்கிட்டுக்கொண்ட முழு வாக்கியம் அது: இது அப்பாவுடையது. "ஆமாய்யா, அப்பாவோட செருப்பு" என்று மருமகள் அதை நிறைவு செய்து கொடுத்தாள். பிறகு "அப்பா செப்பு" வந்தது. எங்கள் குறிப்புத் தாளில் அந்த நாளைப் பெரியதாக வட்டமிட்டிருக்கிறோம்.

பெற்றோரின் கைகளும் இதில் சேர்த்தி. மெரிடித் ரோவும் கோல்டின்-மெடோவும் சிகாகோ நகரில் 50 குடும்பங்களைக் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், பதினான்கு மாதக் குழந்தைகளின் 90 நிமிட வீட்டு வாழ்க்கையைப் பதிவு செய்தார்கள். வசதியும் படிப்பும் மிகுந்த வீட்டுக் குழந்தைகள் சராசரியாக 24 வெவ்வேறு பொருள்களைச் சைகையால் சொன்னார்கள்; குறைந்த வீட்டுக் குழந்தைகள் 13. அதே குழந்தைகள் நாலரை வயதில் பள்ளி செல்லும்போது அறிந்திருந்த சொற்களின் அளவிலும் அந்த வேறுபாடு தெரிந்தது. பெற்றோர் மிகுதியாகச் சைகை செய்த வீடுகளில் குழந்தைகளும் மிகுதியாகச் செய்தார்கள். காசுதான் குழந்தையின் விரலை நீட்டுகிறது என்று இதைப் படித்துவிடக் கூடாது. வேலைக்கு ஓடும் தாய்க்கு மதில்மேல் பூனையைக் காட்ட நேரம் வாய்ப்பதில்லை என்பதும் இதற்குள் இருக்கிறது என்பது என் எண்ணம். என் வகுப்புகளில் படித்த பீடித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளை நினைத்துச் சொல்கிறேன். ஆனால் அந்த நேரம் நீண்டதாக இருக்க வேண்டியதில்லை. குளிப்பாட்டும்போதும், சோறூட்டும்போதும், பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் சுட்டிப் பேசிவிடலாம். இடுப்பில் தூக்கிவைத்து நிலாவைக் காட்டிச் சோறூட்டும் நம் வழக்கத்தில் எல்லாம் அமைந்திருக்கின்றன: இருவர் கண்களும் ஒரே உயரத்தில், ஒரே திசையில் இருக்கின்றன, இருவர் விரலும் ஒன்றையே சுட்டுகின்றன, பெயர் காதருகே ஒலிக்கிறது. அந்த இடத்தில் கைப்பேசியை வைத்துவிட்டால் சோறு விரைவாக இறங்கும் என்பது மெய்தான். ஆனால் திரையில் பாடும் பொம்மையை நோக்கிக் குழந்தை விரல் நீட்டினால், அந்தப் பொம்மை திரும்பிப் பார்த்துப் பதில் சொல்லாது.

பேசும் முன்பே குழந்தைக்குச் சைகை மொழி கற்றுத் தருகிறோம் என்று இணையத்தில் கட்டண வகுப்புகள் நடத்துகிறார்கள். மருமகளின் தோழி ஒருத்தி சேர்ந்தாள். பிரிட்டனில் 40 குழந்தைகளைக் கொண்டு எலிசபெத் கர்க்கும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சைகை கற்பிக்கப்பட்ட குழந்தைகள் பேச்சில் முந்தியதாகத் தெரியவில்லை; அவர்களுடைய தாய்மார் குழந்தையின் குறிப்புகளைக் கூடுதலாகக் கவனிக்கப் பழகினார்கள் என்பதே கிடைத்த நன்மை. அந்தக் கவனத்துக்குக் கட்டணம் தேவையில்லை. கும்பிடு, டாட்டா, சப்பாணி, உள்ளங்கையில் பருப்புக் கடைந்து ஊட்டும் விளையாட்டு, கையில் நண்டு ஊரவிட்டு அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவது ஆகியவை போதும்.

காது கேளாத குழந்தைகளின் சைகை மொழி இதிலிருந்து முற்றிலும் வேறானது. பாளையங்கோட்டையில் வாழ்பவர்களுக்கு அது பழகிய காட்சி. ஃப்ளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே தொடங்கிய காது கேளாதோர் பள்ளியின் மாணவர்கள், சாலையின் இருபுறமும் நின்றுகொண்டு கைகளால் வாதாடுவதை நாங்கள் பார்த்தே வளர்ந்தோம். அது இலக்கணமுள்ள முழு மொழி. சைகை மொழியே கற்பிக்கப்படாத காது கேளாத குழந்தைகள்கூட, தங்கள் வீட்டாரோடு பேசுவதற்குத் தாங்களே சைகைகளை உருவாக்கி, அவற்றை ஓர் ஒழுங்கில் அடுக்குகிறார்கள் என்பதைக் கோல்டின்-மெடோ அமெரிக்காவிலும் தைவானிலும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பிறவியிலேயே பார்வையற்றவர்களும் பேசும்போது கையை அசைக்கிறார்கள், கேட்பவரும் பார்வையற்றவர் என்று தெரிந்திருந்தும் அசைக்கிறார்கள், என்பதை அவரும் ஐவர்சனும் 1998இல் காட்டினார்கள். பார்த்துப் பின்பற்றுவது மட்டுமன்று இது.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்று இளம் தாய்மார் என்னிடம் கேட்பதுண்டு. நான் மருத்துவர் அல்லேன். பயிற்சியாளர் எங்களிடம் சொன்னதையே சொல்கிறேன். ஒரு வயதுக்குப் பிறகும் கும்பிடுதல், கையசைத்தல் போன்ற எந்தச் சைகையும் வரவில்லை என்றால் காட்டிவிடுவது நல்லது. பதினெட்டு மாதம் ஆகியும் குழந்தை ஒன்றைக் காட்டுவதற்காக விரல் நீட்டவில்லை என்றால் தள்ளிப்போடவே கூடாது. வேண்டியதைப் பெற நம் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் சென்று, முகத்தைப் பார்க்காமல் நம் கையைப் பொருளின்மேல் வைப்பது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, ஏற்கெனவே செய்துவந்த சைகைகளையும் சொற்களையும் விட்டுவிடுவது ஆகியவையும் அப்படியே. "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்பது ஆறுதலாக இருக்கலாம், சோதனைக்கு மாற்றாகாது. தட்டைத் தட்டினால் திரும்புகிறான், ஆகவே காது கேட்கிறது என்றும் முடிவு செய்ய வேண்டாம். சில குழந்தைகளுக்குச் சில வகை ஒலிகள் மட்டுமே கேட்கும். ஒலிக்குச் செவிநரம்பும் மூளைத்தண்டும் காட்டும் எதிர்வினையை அளக்கும் பெரா போன்ற சோதனைகளால்தான் அது தெரியவரும். செவிநரம்பைத் தூண்டிக் கேட்கச் செய்யும் காக்ளியர் கருவி பொருத்த வேண்டிய நிலை வந்தால், அந்த அறுவைச் சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. அதைச் சிறு வயதிலேயே செய்தால்தான் பேச்சுக்கு முழுப் பயன் கிடைக்கும்.

பேச்சு வந்துவிட்டால் கையின் வேலை முடிந்துவிடுவதில்லை. ஐந்து வயதில் கதை சொல்லும்போது, கதைமாந்தரின் இடத்தில் தாமே நின்று கையாலும் உடலாலும் நடித்துக் காட்டிய குழந்தைகள், பின்னாளில் கதையை ஒழுங்கான கட்டமைப்போடு சொல்லும் திறன் பெற்றிருந்ததை ஏஜ் தெமிர் என்பவரும் அவருடைய குழுவினரும் 2015இல் எழுதியிருக்கிறார்கள். என் பேத்தி நரியின் கதையைச் சொல்லும்போது கையைத் தூக்கித் திராட்சைக்கு எம்பி எம்பிக் குதிப்பாள். குதித்து முடித்த பிறகுதான் "எட்டல" என்ற சொல் வரும். நம் பள்ளிகளிலோ பதில் சொல்ல எழுந்த பிள்ளை கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். அதை மரியாதை என்று நாம் பழக்கிவிட்டோம். பாடம் ஒப்பிக்க அது இடையூறாகவும் இல்லை. கதை சொல்வதற்கும், தான் பார்த்ததை விவரிப்பதற்கும் அது இடையூறுதான். பெற்றோர் கூட்டத்தில் மருமகள் இதைப் பேத்தியின் ஆசிரியையிடம் எடுத்துச் சொன்னாள். வணக்கம் சொல்லும்போது கைகட்டட்டும், கதை நேரத்தில் வேண்டாம் என்று அந்த இளம் ஆசிரியை இசைந்தார். வகுப்பில் ஒருபோதும் வாய் திறக்காத இரண்டு பிள்ளைகளை முதலில் கதையை நடித்து மட்டும் காட்டச் சொல்லி, மற்ற பிள்ளைகளைச் சொல் கொடுக்க வைத்ததாகவும், அவர்களில் ஒருத்தி இப்போது இடையிடையே தானே சொல்லிவிடுவதாகவும் அடுத்த கூட்டத்தில் தெரிவித்தார்.